தாத்தாவின் கடிதத்தைப் பலகையில் ஒட்டலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர் என் தாத்தா. அவருடைய கடிதங்கள், பாட்டியின் சரிகைப் புடவை இரண்டையும் வைத்துப் பலகையில் கலப்பு ஊடக ஓவியம் செய்கிறேன். சோதனைக்கு ஒட்டிய கடித நகலில் மை கரைந்து ஓடியது. பலகையும் வளைந்துவிட்டது. ஏன்?
– வாசகி, நாகூர்

பதில்: கரைந்தது நகலாக இருந்தவரை பிழைத்தீர்கள். மூலக் கடிதத்தைப் பசைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஊற்றுப்பேனா மையும் பெரும்பாலும் தண்ணீரில் கரையும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துகொண்டு, மூலத்தைப் பெட்டியில் வையுங்கள்.

நீங்கள் எடுத்தது இங்க்ஜெட் பிரிண்டாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் கேளுங்கள், இடவலம் மாற்றி. பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தை (ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் கெட்டிப் பசை) சீராகத் தடவி, அச்சுப் பக்கம் கீழே வரும்படி படியவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 2 நாள். பிறகு தாளை நனைத்து, விரல்நுனியால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். தாள் போய், எழுத்து மட்டும் பலகையில் தங்கும். அவசரப்பட்டால் எழுத்தும் கூடவே வந்துவிடும். காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்தால் தாள் நார் மிச்சமிருக்கிறது. மறுபடி நனைத்துத் தேயுங்கள். அங்கங்கே எழுத்து அழிந்தால் பேனாவால் நிரப்ப வேண்டாம். நிரப்பியது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

பலகை வளைந்தது ஒரு பக்கம் மட்டும் பூச்சு அடித்ததால். பூசாத பக்கம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். 12 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) வாங்கி, முன், பின், விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே அளவு பிரைமர் அடியுங்கள். தஞ்சாவூர் ஓவியம்போலத் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பூச்சி அதைத் தேடி வரும்.

சரிகையில் பசை படவே கூடாது. பட்டு விறைத்து மடிப்பில் பிளக்கும். உள்ளங்கை அளவுத் துண்டை, கஞ்சி போக அலசிய காடாத் துணியில் மெல்லிய நூலால் இடைவெளிவிட்டுத் தைத்து, காடாவின் ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள். கண்ணாடி போட்டால் 5 மி.மீ. தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: மலாயாவின் சதுர ஒரு சென்ட் காசு, டிரங்குப் பெட்டிச் சாவி, ரேஷன் அட்டை, படங்கள் 11. எல்லாவற்றையும் ஒரே ஓவியப் பலகையில் வைக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வைத்தால் பாத்திரக்கடைதான். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். காசைத் துளைக்காதீர்கள், பலகையில் இருபுறமும் துளையிட்டு மெல்லிய கம்பியால் கட்டுங்கள். செம்பு பச்சை கக்கும், அடியில் பாலியெஸ்டர் தாள் ஒன்று வையுங்கள்.