டேப்லெட்டில் கொட்டுச் சத்தம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். விலைக்குக் கிடைக்கும் டிரம் சாம்பிள் தொகுப்புகளையே எல்லாரும் பயன்படுத்துவதால், எந்த ஊர்ப் பாட்டைக் கேட்டாலும் தாளம் ஒரே மாதிரி இருக்கிறது. என்னிடம் உள்ள ஐபேடில், ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசர் செயலியைக் கொண்டே கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (கம்பி அதிரும் சிறிய டிரம்) போன்றவற்றின் ஒன்ஷாட் சாம்பிள்களை, அதாவது ஓர் அடியை மட்டும் கொண்ட ஒலிக்கோப்புகளை, செய்துகொள்ள முடியுமா? (வாசகர், தக்கலை)

பதில்: தாராளமாக முடியும். 1980-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற தாளக் கருவிக்குள் எந்த டிரம்மின் பதிவும் கிடையாது. அதன் கிக், ஸ்னேர், கைதட்டல் அனைத்தும் மின்சுற்றுகள் உண்டாக்கிய ஒலிகளே. அந்த வேலையை ஐபேடும் செய்யும். எந்தச் செயலி சிறந்தது என்ற தேடலிலேயே பலர் காலத்தைக் கழிக்கிறார்கள். என் கருத்தில் அது இரண்டாம்பட்சம். ஓர் அடியின் குணத்தைத் தீர்மானிப்பது, அதன் சுருதியும் சத்தமும் எத்தனை மில்லி வினாடியில் எப்படி மாறுகின்றன என்பதுதான். அதைக் கட்டுப்படுத்தும் என்வலப் ஏறக்குறைய எல்லாச் சிந்தசைசர்களிலும் இருக்கிறது.

கிக்கிலிருந்து தொடங்குங்கள். ஒலியை எழுப்பும் பகுதியான ஆஸிலேட்டர் ஒன்றை மட்டும், கலப்பில்லாத தூய ஒலியான சைன் அலையில் வைத்து, மற்றவற்றை அணைத்துவிடுங்கள். சத்தத்துக்குரிய என்வலப்பில் அட்டாக்கும் (சத்தம் எழும் நேரம்) சஸ்டெயினும் (விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் சத்தம்) பூஜ்யமாகவும், டிகே (அடங்கும் நேரம்) 300 மில்லி வினாடி அளவிலும் இருக்கட்டும். சுருதிக்குரிய என்வலப்பை, ஒலி 250 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 40 அல்லது 50 மில்லி வினாடிக்குள் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இந்த இறக்கத்தை மிகவும் விரைவாக்கினால் ‘டக்’ என்ற கூர்மைதான் முன்னால் நிற்கும்; 150 மில்லி வினாடிக்கு மேல் நீட்டினால் ‘டியூம்’ என்று இழுத்து, வழிபாட்டுப் பாடலுக்கு ஒவ்வாத விளையாட்டுச் சத்தமாகிவிடும்.

உங்கள் செயலியில் சுருதிக்குத் தனி என்வலப் இல்லையென்றால் அதற்கும் வழி உண்டு. மினிமோக் மாடல் டி போன்ற செயலியில் ஆஸிலேட்டர்கள் மூன்றையும் மிக்ஸரில் அணைத்துவிட்டு, ஒலியின் ஒரு பகுதியை வெட்டும் ஃபில்டரில், வெட்டும் இடத்தைத் தூக்கிக்காட்டும் எம்ஃபசிஸ் குமிழை முழுவதும் திருப்பினால், ஃபில்டர் தானாகவே சைன் அலை போன்ற ஒலியை எழுப்பத் தொடங்கும். ஃபில்டருக்குரிய என்வலப் அந்த ஒலியின் சுருதியை மேலிருந்து கீழே இழுக்கும்போது உங்களுக்குக் கிக் கிடைத்துவிடும். இம்முறையில் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் அலை வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கக்கூடும் என்பதால், பத்துப் பன்னிரண்டு அடிகளை வரிசையாகப் பதிவுசெய்து, தொடக்கம் தெளிவாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கேட்பதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கர் காட்டிக்கொடுக்காது.

ஸ்னேருக்கு 180, 330 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு குறுகிய ஒலிகளும், அவற்றின்மேல், தாழ்ந்த சுருதிகள் வெட்டப்பட்ட நாய்ஸும் (‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்) போதும். கைதட்டலுக்கு, 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நாய்ஸை 10 மில்லி வினாடி இடைவெளியில் மூன்று முறை வெடிக்கவிட்டு, கடைசி வெடிப்பை மட்டும் சற்று நீளமாக அடங்க விடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு டேப்லெட். திரையைத் தொட்டுச் சற்று நேரம் கழித்தே சத்தம் வருகிறது. இதை வைத்து எதுவும் செய்ய முடியாதா? (வாசகர், குளச்சல்)

பதில்: அந்தத் தாமதம் மேடையில் நேரடியாக வாசிப்பதற்குத்தான் தொல்லை. ஒன்ஷாட் செய்யும்போது தொடக்கத்தை எப்படியும் வெட்டப் போகிறோம் என்பதால் அது பாதிக்காது. எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கோலா சாம்ப்ளர் ஆகிய இரண்டும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கின்றன. புளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது தாமதத்தை மேலும் கூட்டும்.

கேள்வி: கொடை விழாக்களுக்காக வில்லிசை மெட்டில் பாடல்கள் அமைக்கிறேன். குடம், உடுக்கை ஆகியவற்றின் ஒலியைச் சிந்தசைசரில் கொண்டுவர முயன்றால், கிக்கின் சுருதியை ஏற்றியது போலத்தான் வருகிறது. பதிவுசெய்வதே மேலா? (வாசகர், சுசீந்திரம்)

பதில்: கலைஞர் ஒருவர் இசைந்து, அமைதியான அறையும் கிடைத்தால், பதிவுசெய்வதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டுக் கூரையின்கீழ் மைக்கை வைப்பவர்களுக்கு ஆண்டில் பாதி நாள் மழைச் சத்தமே மிஞ்சும். பாடலின் சுருதிக்கேற்பக் குடத்தை ஏற்றி இறக்க வேண்டியிருந்தாலும் சிந்தசைசர் கைகொடுக்கும்.

உங்கள் குடம் கிக் போல ஒலிப்பதற்குக் காரணம், சுருதி நகரும் திசை. குடத்தில் முக்கியமாக ஒலிப்பது உள்ளே அடைபட்ட காற்று. குடம் பெரிதானால் சுருதி இறங்கும். வாய் எவ்வளவுக்கு மூடப்படுகிறதோ அவ்வளவுக்கும் இறங்கும். திறக்கத் திறக்க ஏறும். வாயில் அடிக்கப் பயன்படும் தட்டு விலகும் கணத்தில் வாய் திறந்துகொள்வதால், கிக்கில் மேலிருந்து கீழே வந்த சுருதியை இங்கே கீழிருந்து மேலே அனுப்ப வேண்டும். சைன் அலையை 80 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி, 60 மில்லி வினாடிக்குள் 110 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பாருங்கள்; எண்களைப் பின்னர் உங்கள் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தட்டு மோதும் சத்தத்துக்காக, 1,500 ஹெர்ட்ஸை ஒட்டிய நாய்ஸை 10 மில்லி வினாடி மட்டும் முன்னால் சேருங்கள். இந்தச் சிறு துணுக்கு இல்லாவிட்டால் ஒலி தண்ணீருக்குள் முங்கியது போல இருக்கும்.

உடுக்கையின் கதை வேறு. அங்கே ஒலிப்பது தோல். வட்டமாக இழுத்துக் கட்டிய தோலின் மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுருதிகள்), அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று முழு எண்களுக்கு இடையில்தான் விழும். ஆகவே இரண்டாவது ஆஸிலேட்டரை 8 செமிடோனும் (அரைச்சுரம்), மூன்றாவதை 13 செமிடோனும் உயர்த்தி, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கணக்கு ஏறக்குறைய அங்கேயே வந்து நிற்கும். மிருதங்கத்துக்கு இந்த அளவு பொருந்தாது. அதன் நடுவே உள்ள கறுப்புச் சாந்து, மேல்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது என்பதைச் சி.வி. ராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார்.

உடுக்கையின் இடையில் உள்ள கயிறுகளை அழுத்தும்போது தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும் என்பதை அறிவீர்கள். ஒரே ஒரு சாம்பிளால் அந்த நெளிவைக் காட்ட முடியாது. நேராக நிற்பது, ஏறுவது, இறங்குவது என மூன்று ஒன்ஷாட்களைச் செய்து, அடுத்தடுத்த விசைகளில் வைத்து வாசித்தால்தான் கேட்பவர்கள் உடுக்கை என்று ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: நான் செய்த சாம்பிள்கள் டேப்லெட்டில் நன்றாகக் கேட்கின்றன. பேடில் (தட்டினால் சாம்பிளை ஒலிக்கும் கருவி) ஏற்றி வாசித்தால் சற்றுப் பிந்தி வருகின்றன. முடிவில் ‘டிக்’ என்ற சத்தமும் கேட்கிறது. (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: எம்பி3-ஆகச் சேமித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வடிவத்துக்கு மாற்றும்போதே கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொள்ளும். வேவ் கோப்பாகவே சேமியுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் மோனோ (ஒற்றைத் தட) ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 132 கிலோபைட்தான் பிடிக்கும் என்பதால் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சில பேடுகள் 16 பிட் கோப்புகளை மட்டுமே ஏற்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒலி எழும் இடத்துக்கு மிக அருகில், அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுங்கள். முடிவில் அலை பூஜ்யத்துக்கு வராமலே அறுபடுவதுதான் ‘டிக்’ சத்தத்துக்குக் காரணம். கடைசி 5 அல்லது 10 மில்லி வினாடிக்கு ஃபேட் அவுட் (சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தல்) கொடுத்தால் அது மறைந்துவிடும். உச்ச அளவை மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, கிக்கையும் குடத்தையும் மோனோவிலேயே ஏற்றுங்கள்.