கணக்கில் வராத சாமிகள்

கேள்வி: சீனாவில் பத்தில் ஒருவர்தான் தமக்கு மதம் உண்டு என்கிறாராம். கம்யூனிஸ்ட் ஆட்சி மதத்தை ஒழித்துவிட்டது என்றுதானே பொருள்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. கணக்கு சரி, நீங்கள் கொண்ட பொருள்தான் தவறு. 2018-இல் எடுத்த ஆய்வுகளையே பாருங்கள். 'எந்த மதம்?' என்றால் பத்தில் ஒருவர்தான் பெயர் சொல்கிறார். குடும்பத்தாரின் கல்லறைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போகிறீர்களா என்றால் முக்கால்வாசிப் பேர் ஆம் என்கிறார்கள். சீன அரசு ஏற்கும் மதங்கள் ஐந்து: பௌத்தம், சீனாவிலேயே தோன்றிய தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம். ஊர்த் தெய்வத்தைக் கும்பிடுகிறவர் இவற்றில் எதைச் சொல்வார்? கட்சி உறுப்பினருக்கோ மதம் இருக்கவே கூடாது என்பது விதி.

இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்கியவர் சமூகவியலாளர் சி. கே. யாங். 1961-இல் வெளிவந்த தம் நூலில் மதத்தை இரண்டாகப் பிரித்தார். குருமார், மடம், மறைநூல் என்று தனித்து நிற்பது ஒன்று. குடும்பத்திலும் தொழிலிலும் ஊரிலும் விரவிக் கிடப்பது மற்றொன்று. அடுப்பங்கரைத் தெய்வத்தின் தாள் படத்தில் உதட்டில் தேன் தடவி, மேலுலகில் நல்லதாகச் சொல்லட்டும் என்று ஆண்டின் கடைசியில் எரித்து வழியனுப்புவது இரண்டாம் வகை. அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது. சீனர்களுக்கு மதப்பற்று குறைவு என்று பலர் சொல்லிவந்ததற்கு யாங் தந்த மறுப்பு இன்றும் அசையாமல் நிற்கிறது.

ஆனால் அவர் கணிப்பு ஒன்று பலிக்கவில்லை. குடும்பமும் அரசும் மாறினால் விரவிய மதமும் தேய்ந்துவிடும் என்று நினைத்தார். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் எண்ணற்ற கோயில்கள் இடிக்கப்பட்டன; அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1980-களில் கிராமத்தார் தங்கள் கைக்காசைப் போட்டு அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். ஷான்சி (Shaanxi) மாகாணத்தின் வடபகுதியில் கறுப்பு டிராகன் அரசருக்கு ஒரு கோயில் உண்டு. மழை தரும் தெய்வம். காணிக்கைப் பணத்தில் மரத்தோட்டம் வளர்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதிகாரிகளால் குறை சொல்ல முடியவில்லை. பிறகு அது தாவோயிசக் கோயிலாகப் பதிவும் பெற்றது. அங்கே குறி கேட்க வருகிற விவசாயி தன்னைத் தாவோயிசத்தவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. உங்கள் கணக்கில் அவர் மதமற்றவர்.

கல்லறைக்குப் போவது வெறும் குடும்ப மரியாதைதானே என்று கேட்பீர்கள். சிலருக்கு அப்படித்தான். அதைக் கேள்வித்தாளை வைத்துப் பிரிக்க முடியாது. ஊரில் தங்கி, ஊதுவத்தி ஏற்றுபவர் எதை வேண்டுகிறார், கோயில் வரவுசெலவு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிற ஆய்வாளருக்கே தெரியவரும்.