கோஜிமா ஜீன்ஸ் தெரு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக ஒசாகா வந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகயாமா மாகாணத்திலுள்ள கோஜிமா ஊரின் ஜீன்ஸ் தெருவுக்குப் போக எண்ணம். அங்கே நல்ல ஜீன்ஸ் ஒன்று இருபதாயிரம் யென்னுக்கு மேல் ஆகும் என்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட கடைத்தெரு, போவது வீண் என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். போகலாமா?

க., ஒசாகா

அன்புள்ள க.,

கட்டாயம் போங்கள். நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. தலைக்கு மேலே வரிசையாக ஜீன்ஸ் தொங்குவது, நீல ஐஸ்க்ரீம் எல்லாம் பயணிகளுக்காகத்தான். கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கிடந்த இந்த அஜினோ கடைவீதியை 2010-ஐ ஒட்டி ஜீன்ஸ் கடைகளைக் கொண்டுவந்து மீட்டார்கள். ஆனால் தொழில் அந்த ஊரின் பரம்பரைச் சொத்து.

தெருவுக்குள் நுழையும் முன் அருகிலுள்ள நோசாகி குடும்பத்தின் பழைய வீட்டைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் உப்பளம் போட்டுச் செல்வம் சேர்த்த நோசாகி புசாயெமொன் கட்டியது. உப்புக்கும் ஜீன்ஸுக்கும் என்ன உறவு என்பீர்கள். கோஜிமாப் பக்கம் நிறைய நிலம் கடலைத் தூர்த்து எடுத்தது. உப்பேறிய மண்ணில் நெல் சரியாக வரவில்லை, பருத்தி வந்தது. பருத்தியோடு நெசவும் வந்தது. முதலில் சனாடா என்ற தட்டைக் கயிறு, பிறகு கட்டைவிரல் பிரிந்த தாபி காலுறை, பிறகு பள்ளிச் சீருடை. 1960களில் செயற்கை இழைச் சீருடைகள் வந்து பருத்திச் சீருடைக்காரர்களின் பிழைப்பில் கைவைத்தன. அப்போதுதான் மாருஓ என்ற சீருடை நிறுவனம் (பின்னாளில் பிக் ஜான்) 1965-இல் டெனிம் என்ற ஜீன்ஸ் துணியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து ஜீன்ஸ் தைக்கத் தொடங்கியது. தடித்த துணி தைத்துப் பழகிய கைகள் ஊரெங்கும் இருந்தன. 1973-இல் குராபோ ஆலை ஜப்பானிலேயே டெனிம் நெய்துவிட்டது.

சரி, விலைக்கு வருவோம். கடையில் ஒரு ஜீன்ஸின் கால்முனையை மடித்துப் பாருங்கள். வெளித்தையலின் உட்புறம் பிசிறில்லாத வெள்ளைக் கரை தெரியும், பல சமயம் அதில் ஒரு சிவப்பு நூல் ஓடும். குறுக்கு நூலை நாடா என்ற கட்டை இங்குமங்கும் கொண்டு ஓடும் பழைய நாடாத் தறியில் நெய்த துணி அது. அகலம் சுமார் 80 செ.மீ.தான், இன்றைய தறித்துணியில் ஏறக்குறைய பாதி. வேகமும் மிகக் குறைவு. அப்புறம் சாயம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைக் கயிறாகச் சேர்த்து இண்டிகோவில் முக்கி, காற்றில் காட்டி, மறுபடி மறுபடி முக்குவார்கள். நீலம் மேலோடு நின்றுவிடும், நூலின் நடுவே வெள்ளை அப்படியே இருக்கும். ஓர் இழையைப் பிரித்தாலே தெரியும். முழங்கால் மடிப்பிலும் பை ஓரத்திலும் அவரவர் நடை, உட்காரும் விதத்துக்கு ஏற்ப வெளுப்பது அதனால்தான்.

வருஷக்கணக்கில் விடாமல் அணிபவருக்கு அந்த விலை நியாயம் என்பேன். அலமாரியில் வைப்பவருக்கு வேண்டாம். துணி எங்கே நெய்தது என்று கடையில் கேளுங்கள். பக்கத்து இபாராவிலோ, ஹிரோஷிமா மாகாணத்து ஃபுகுயாமாவிலோ நெய்ததாக இருக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒகயாமா முக்கால் மணி நேரம். அங்கே மரீன் லைனர் ரயிலுக்கு மாறினால் அரைமணிக்குள் கோஜிமா. நேரம் இருந்தால் பெட்டி ஸ்மித் நிறுவனத்தின் ஜீன்ஸ் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். பொத்தானும் ரிவெட்டும் நீங்களே தேர்ந்தெடுத்து ஜீன்ஸ் செய்துகொள்ளலாம். ஞாயிறு நல்ல முடிவு, வார நாட்களில் சில கடைகள் மூடியிருக்கும். துவைக்காத டெனிம் வாங்கினால் முதல் துவைப்பில் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கேட்டுவிட்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.