முசுறு எறும்புகள் மாமர இலைகளை எதைக் கொண்டு ஒட்டுகின்றன?

இலைகளை ஒட்டுவது முசுறுகளின் எச்சிலா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எச்சில் அன்று, பட்டு இழை. ஆனால் வளர்ந்த எறும்பால் அந்த இழையைச் சுரக்க முடியாது. அதன் புழுக்களால்தான் முடியும்.

முதலில் வேலைக்கார எறும்புகள் ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாக நீண்டு, எட்டாத இலையின் விளிம்பைப் பிடித்து இழுத்து நெருக்குகின்றன. பிறகு வேறு சில எறும்புகள் நன்கு வளர்ந்த புழுக்களைத் தாடைகளில் ஏந்தி வந்து, உணர்கொம்புகளால் தட்டித் தூண்டியபடி, தறியின் ஓடத்தைப்போல இரு விளிம்புகளுக்கும் இடையே மாறிமாறிக் கொண்டுசெல்ல, புழுவின் வாயிலிருந்து வெளிப்படும் இழை இலைகளைப் பிணைக்கிறது. என்னை மிகவும் வியக்க வைப்பது, தனக்கென ஒரு கூட்டைப் பின்னிக்கொள்ள வேண்டிய பட்டு முழுவதையும் புழு பொதுக்கூட்டிற்கே கொடுத்துவிடுவதுதான். அதனால் இவ்வினத்தின் கூட்டுப்புழுக்கள் உறையின்றியே வளர்கின்றன.

கூட்டைத் தொட்டால் முசுறுகள் கடிப்பதோடு, கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சுவதால்தான் அவ்வளவு எரிகிறது. இந்த மூர்க்கத்தை அறிந்தே தென்சீன உழவர்கள் பல நூற்றாண்டுகளாக ஆரஞ்சுத் தோட்டங்களில் இக்கூடுகளைக் கட்டி, மரங்களுக்கிடையே மூங்கில் பாலமும் அமைத்துப் பூச்சிகளைக் கட்டுப்படுத்தினர்.