கேளுங்க அண்ணே: பியர், சாராயம், கித்துள் கள்ளு

நுவரெலியா ஏப்ரல் சீசன் நெருங்குதுல்ல, இந்தத் தடவை வந்த கேள்வியில பாதி குடியைப் பத்தித்தான். சரி, ஒரே மூச்சுல முடிச்சுருவோம்.

கண்டி வாசகர்: அண்ணே, என் மச்சான் பெங்களூருல ஐடி வேலை. அங்க கடைக்குள்ளேயே பியர் காய்ச்சி, டேங்குல இருந்து நேரா கிளாஸ்ல ஊத்துறாங்களாம். ஏப்ரல்ல நுவரெலியா வர்றாரு. "உங்க மலையில எத்தனை பியர் பெக்டரி, எத்தனை சாராய பெக்டரி இருக்கு, ரெண்டு நாள்ல சுத்திரலாமா"ன்னு கேக்குறாரு. என்ன சொல்ல?

மச்சான்கிட்ட முதல்ல உண்மையைச் சொல்லிருங்க தம்பி. பெங்களூரு மாதிரி தெருவுக்குத் தெரு காய்ச்சிற ஊரு இல்ல இது. ஆனா ஒரு காலத்துல இந்த நாட்டு பியரோட தாய் வீடே நுவரெலியாதான். நைல் நதி பக்கம் சுத்திட்டு ஆல்பர்ட் ஏரியைக் கண்டுபிடிச்சேன்னு பேர் வாங்கின சாமுவேல் பேக்கர் இருக்காருல்ல, அவரு அதுக்கு முன்னாடி இங்க வந்து குடியிருந்தவரு, 1849ல வெள்ளைக்கார துரைமாருக்காக சின்னதா ஒரு பியர் பெக்டரி போட்டாரு. அப்புறம் 1881ல அது பெரிய வியாபாரமாச்சு. லயன் பியரோட வேர் அங்கதான் இருக்கு.

ஏன் நுவரெலியான்னா, குளிரு. ஊரு கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உசரம். பியர் புளிக்கிறப்ப சூடு கூடுச்சுன்னா ஈஸ்ட் கண்டபடி வேலை செஞ்சு வாடை வந்துரும், ஐஸ் மெஷின் இல்லாத காலத்துல கொழும்பு வெக்கையில அதைக் காய்ச்ச ஏலாது, மலையில கதவைத் திறந்து வச்சாலே போதும். ஆனா பார்லியும், பியருக்குக் கசப்பு குடுக்கிற ஹாப்ஸ் பூவும் இந்த மண்ணுல வெளையல, எல்லாம் கப்பல்லதான் வரணும், குளிர்சாதனம் வந்த பிறகு அந்த மூட்டையை மலை ஏத்தி, போத்தலாக்கி, திரும்ப எறக்கிறதுல என்ன லாபம்? இப்ப லயன் காய்ச்சிறது கொழும்புக்குப் பக்கத்துல பியகமையில. மச்சான் மலையில தேடுறது கீழ எறங்கிப் போயிருச்சு.

அதுக்காக வராதீங்கன்னு சொல்லல. லயன் ஸ்டவுட்டை ஒரு தடவை குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கருப்பு, கோப்பி வாசம், லேசா கருகின சீனி ருசி, 8.8 சதவீதம் ஆல்ககால். மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்ல, இங்கிலீஷ்காரர், பியரைப் பத்தியே எழுதினவரு) புகழ்ந்து எழுதி, அதுக்கப்புறம்தான் வெளிநாட்டுக்காரன் இதைத் தேடிக் குடிக்க ஆரம்பிச்சான். ரொம்ப ஐஸா குடிச்சா ருசியே தெரியாது, மேசையில பத்து நிமிஷம் வச்சிட்டு குடிக்கச் சொல்லுங்க. ஆனா தண்ணி மாதிரி இறங்கும், அதை நம்பி ரெண்டாவது பெரிய போத்தலை உடைச்சாருன்னா நீங்கதான் தூக்கிட்டு வரணும்.

சாயந்தரம் ஹில் கிளப் பக்கம் கூட்டிட்டுப் போகலாம். 1876ல துரைமார் ஆரம்பிச்சது. மரச்சுவரு, கணப்பு அடுப்பு, ராத்திரி சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் கட்டணும். நம்ம தாத்தாமாரு வாசப்படிகூட மிதிக்காத இடத்துல நாம கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கிறதுல ஒரு தனி ருசி இருக்கு, அது போத்தல்ல வராது.

பண்டாரவளை வாசகர்: சாராயம் வடிக்கிறதைப் பாக்கணும்னு ஆசை. மலையில எங்க போகலாம்?

மலையில இல்ல, களுத்துறை, வாதுவை பக்கம் எறங்கணும். தென்னங்கள்ளு மரத்துல இருந்து எறக்கின நிமிஷத்துல இருந்து புளிச்சுக்கிட்டே இருக்கும், நாள் கடந்தா காடிதான், அதனால வடிசாலை எப்பவும் தென்னந்தோப்புக்குப் பக்கத்துலயே இருக்கும். அங்க ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்கு கயிறு கட்டி, அதுலயே நடந்து போய் கள்ளு எடுப்பாங்க பாருங்க, வடிக்கிறதைவிட அதுதான் வேடிக்கை. வடிச்சதை ஹல்மில்ல மரப் பீப்பாயில ஊற வைப்பாங்க.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. சாராயம்னு விக்கிறதெல்லாம் தென்னங்கள்ளுல வடிச்சது இல்ல. மலிவு ரகத்துல பாதிக்கு மேல கரும்புச்சக்கைப் பாகுல, அதாவது சீனி பெக்டரியில மிஞ்சிற பாகுல வடிச்ச ஸ்பிரிட் கலந்திருக்கலாம். உங்க ஊவா பக்கம் பெல்வத்தை, செவனகலையில சீனி பெக்டரியோட வடிசாலையும் இருக்கு. தென்னஞ்சாராயம்தான் வேணும்னா லேபிளைக் கிட்ட வச்சு முழுசா வாசிங்க, பெரிய எழுத்துல இருக்கிற பேரை மட்டும் நம்பாதீங்க.

மாத்தளை வாசகர்: கித்துள் கள்ளைப் பத்தி யாரும் எழுதுறதில்லையே அண்ணே?

இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கைப்பக்குவத்துல செய்யிற கிராஃப்ட் பியர், கிராஃப்ட் ஜின்னுன்னு கொழும்புல பேசுறாங்க, நம்ம மலையில அது எப்பவும் இருக்கு, கித்துள் (கூந்தற்பனை) மரத்து உச்சியில. பூ பாளைக்கு மருந்து வச்சு கட்டி, நாளுக்கு ரெண்டு தடவை மெல்லிசா சீவணும். சீவுற கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்கும், தடிப்பா சீவினா பாளை சீக்கிரம் தீந்துரும், மெல்லிசா சீவத் தெரிஞ்சவருக்கு ஒரே பாளை மாசக்கணக்குல ஊத்தும். எறக்கின உடனே காய்ச்சினா பாணி (பாகு), இன்னும் காய்ச்சினா கருப்பட்டி, சும்மா விட்டா கள்ளு. ஈஸ்ட் யாரும் போடுறதில்ல, முட்டியிலயும் காத்துலயும் இருக்கிறதே போதும். காலையில இளநி மாதிரி இனிப்பா, நுரையா இருக்கும். மத்தியானத்துக்கு லேசா புளிப்பு. சாயந்தரம் மூக்கைச் சுருக்க வச்சிரும்.

என் கதையைக் கேளுங்க. மாத்தளையில தெரிஞ்சவர் வீட்டுல ரெண்டு லீட்டர் குடுத்தாங்க. சோடா போத்தல்ல ஊத்தி மூடியை நல்லா இறுக்கி, பைக்குள்ள வச்சு, கண்டி வந்து நுவரெலியா பஸ் ஏறிட்டேன். கள்ளு போத்தலுக்குள்ளயும் புளிச்சுக்கிட்டேதான இருக்கும், அந்தக் காத்து போக வழி வேணும்னு எனக்குத் தோணவே இல்ல. ரம்பொடை வளைவுல பஸ் ஒரு குலுக்கு குலுக்கிச்சு, "டப்"புன்னு ஒரு சத்தம், முன் சீட்டு ஐயா டயர் போச்சுன்னு எந்திரிச்சிட்டாரு. என் சட்டை, பை, பக்கத்துல இருந்த அம்மாவோட சேலை எல்லாம் கள்ளு. நுவரெலியா வரைக்கும் அந்த அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே! அதனால கொண்டு போறதா இருந்தா மூடியை அரைகுறையா விடுங்க, இல்லாட்டி அங்கேயே குடிச்சிட்டு வாங்க.

ஹட்டன் வாசகி: எங்க தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) சம்பள நாள் வந்தா பயமா இருக்கு. குடியால வீடு வீடா அழியுது. நீங்க ருசி, வாசம்னு எழுதுறது சரியா?

நியாயமான கோபம் தங்கச்சி. எங்க அப்பாவும் சம்பள நாள்ல தவறணை (கள்ளு, சாராயக் கடை) வழியாத்தான் வீட்டுக்கு வருவாரு, அம்மா என்னை ரோட்டு முனையில நிக்க வச்சிருப்பாங்க, நான் கையைப் பிடிச்சா அவரு உள்ள போக மாட்டாருன்னு. பாதி நாள் அது பலிச்சது.

இது சும்மா தனி ஆளு பலவீனம் மட்டும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். 1912ல புது மதுவரிச் சட்டம் வந்து தவறணைகளைக் கூட்டினப்ப நாடு முழுக்க மதுவிலக்கு இயக்கம் கிளம்பினதும் அதுக்காகத்தான். இன்னைக்கும் வரி ஏற ஏற விலை ஏறுது, ஒரு முழு போத்தல் சாராயத்துக்கே தோட்டத்துல நாள் கணக்கு சம்பளம் போயிருது. அதனால குடி குறைஞ்சுதான்னா இல்ல, கொஞ்சப் பேரு கசிப்புக்குப் போனாங்க. சீனியும் ஈஸ்ட்டும் போட்டு ஒளிச்சு காய்ச்சிறது, உள்ள என்ன கலந்திருக்குன்னு காய்ச்சினவனுக்கே தெரியாது. நான் ருசியைப் பத்தி எழுதுறது, அளவு தெரிஞ்சு ஒரு கிளாஸோட எந்திரிக்கிறவங்களுக்கு. உங்க வீட்டுல நிலைமை அது இல்லன்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுருங்க, நான் கோவிக்க மாட்டேன்.

தலவாக்கலை வாசகி: பொம்பளைங்க பாருக்குப் போகலாமா?

தவறணையில பெண்களுக்கு மது விக்கக்கூடாதுன்னு 1979ல ஒரு மதுவரி அறிவித்தல் இருந்துச்சு. 2018 ஜனவரியில நிதி அமைச்சரா இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினாரு, சில நாள்லயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பவும் கொண்டு வரச் சொல்லிட்டாரு. நடைமுறையில ஹோட்டல்ல உக்காந்து கேட்டா குடுப்பாங்க. டவுன்ல இருக்கிற கம்பிக்கதவு போட்ட கடைகளுக்கு ஆம்பளை நானே போக யோசிப்பேன்.

நானுஓயா வாசகர்: நாங்க நாலு பேரு லீவு போட்டு வர்றோம், பௌர்ணமி அன்னைக்கு. ஏதாவது பிரச்சினையா?

பௌர்ணமின்னா போயா, அன்னைக்கு நாடு முழுக்க மதுக்கடை பூட்டு தம்பி. ஹோட்டல்லயும் பார் பெரும்பாலும் மூடிதான் இருக்கும். வயசு 21 ஆகலன்னா எந்த நாளும் ஏலாது. லீவை ஒரு நாள் தள்ளிப் போடுங்க, இல்லன்னா நானுஓயா ஸ்டேஷன் பக்கம் சூடா பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வாங்கிக் கடிச்சுக்கிட்டு ரயில் வர்ற வரைக்கும் நில்லுங்க.