எம்340ஐ-யைக் கொடுத்துவிட்டுப் புது பிஎம்டபிள்யூ எம்2 வாங்கலாமா, பழைய போர்ஷே கேமன் ஜிடிஎஸ் 4.0 வாங்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: கும்பகோணத்தில் வீடு, வீட்டில் மகளோடு மூன்று பேர், கையில் 2023 மாடல் பிஎம்டபிள்யூ எம்340ஐ, இன்னொரு வண்டியாக ஒரு இன்னோவா. எம்340ஐ-யைக் கொடுத்துவிட்டு ஒரு படி மேலே போக வேண்டும். புது எம்2 எடுப்பதா, யாரோ ஒருவர் ஓட்டிய போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 எடுப்பதா, அதில் பொருள் வைக்க இடம் போதுமா?

கேமன் எடுங்கள். அந்த இன்னோவா இருப்பதால்தான் இதை இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

நான் திருவையாறு பக்கம். வைத்திருப்பது எம்2, மேனுவல். திருச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் கேமன் ஜிடிஎஸ் 4.0 இருக்கிறது, அதுவும் மேனுவல்தான். வண்டிகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போவது எங்களுக்குள் வழக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார், பின் சீட்டில் பையன் உட்கார வேண்டும், அதனால் எனக்கு எம்2. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

முதலில் காகிதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் எம்340ஐ 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), நான்கு சக்கரத்துக்கும் இழுவை, நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகத்தைத் தொட 4.4 வினாடி. இப்போது வரும் எம்2 480 குதிரைத்திறன். டார்க் மேனுவலில் 550, ஆட்டோமேட்டிக்கில் 600. ஆட்டோமேட்டிக் நூறைத் தொட 4 வினாடி. கேமன் ஜிடிஎஸ் 4.0-வில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 400 குதிரைத்திறன், மேனுவலில் டார்க் 420, நூறைத் தொட 4.5 வினாடி. அதாவது மேனுவல் கேமன் எடுத்தால், நீங்கள் இப்போது வைத்திருக்கும் வண்டியைவிட ஒரு இம்மி மெதுவான வண்டிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். நிறையப் பேர் இந்த இடத்திலேயே கேமனைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

எம்340ஐ-யிலிருந்து எம்2-வுக்குப் போவது, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதையே இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வது. அதே மாதிரி முன்னால் எஞ்சின், அதே மூணு லிட்டர் ஆறு சிலிண்டர், அதே மாதிரி டர்போவின் தள்ளு, அதே திரை. அந்த அரை வினாடியை நம்ம ஊரில் எங்கே காட்டப் போகிறீர்கள்? நாலு வழிச் சாலையிலேயே சட்டப்படி உச்ச வேகம் 100. தஞ்சாவூர்–திருச்சி ரோட்டில் ஏறினால் மூன்றாவது கியர் போடுவதற்குள் அது வந்துவிடும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர், மதகுக்கு மதகு ஒரு வளைவு, எதிரே மினி பஸ். எண்பதுக்குக் கீழே இருக்கும்போது எந்த வண்டி உங்களோடு பேசுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாக வரும் ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றை ஒட்டிச் சின்னச் சின்ன வளைவுகள், மரத்து நிழல், காலையில் ஆளில்லாத நேரம். அந்த ரோட்டில் எம்2 ஐம்பது அறுபதில் போகும்போது பெரிய கார் ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஸ்டியரிங் கனமாக இருக்கும், ஆனால் கீழே ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதே ரோட்டில் கேமனை எடுத்தால், தாருக்கு மேல் போட்ட ஒட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது உள்ளங்கைக்கு வரும். எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறது. எடை நடுவில் இருப்பதால் வளைவில் வண்டி யோசிக்காமல் திரும்புகிறது. எம்2 சுமார் 1,700 கிலோ, மேனுவல் கேமன் 1,405 கிலோ. கிட்டத்தட்ட 300 கிலோ வித்தியாசம். வேகம் கூட்டாமலே அது உடம்புக்குத் தெரிகிறது.

கேமனுக்கு ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கியர் விகிதங்கள் நீளம். இரண்டாவது கியரிலேயே வண்டி 130-ஐத் தாண்டிவிடும். அந்த எஞ்சின் 7,800 ஆர்பிஎம் வரை பாடிக்கொண்டே ஏறும். ஆனால் முழுப் பாட்டையும் சட்டப்படியான வேகத்துக்குள் கேட்க வேண்டுமென்றால் முதல் கியரில்தான் முடியும். இதனால் கரும்பு டிராக்டரைத் தாண்டும்போது கேமனில் ஒரு கியர் குறைத்தே ஆக வேண்டும். எம்2-வில் மூன்றாவதிலேயே காலை வைத்தால் போதும், டிராக்டர் பின்னால் போய்விடும். இரண்டு வழி ரோட்டில் ஓவர்டேக் என்று வந்தால் எம்2-வை அடிக்க முடியாது. அதே டிராக்டர் சக்கரம் வயல் களிமண்ணைத் தாரில் அப்பிவிட்டுப் போன பிறகு, மழைத் தூறலில், பின் சக்கர இழுவை மட்டும் உள்ள எம்2-வில் காலைப் பார்த்து வைக்க வேண்டும். நாலு சக்கர இழுவைக்குப் பழகிய உங்களுக்கு இது முதலில் திடுக்கென்று இருக்கும். கேமனும் பின் சக்கர இழுவைதான். ஆனால் எஞ்சின் எடை பின் சக்கரத்தை அழுத்துவதாலும், டார்க் திடீரென்று வந்து கொட்டாததாலும் அவ்வளவு பயமில்லை.

அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, டெல்டாவில் அது பெரிய விஷயம். எம்2 1,887 மில்லிமீட்டர், கேமன் 1,801. எதிரே அரசுப் பேருந்து வந்தால் இடது சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணில் இறக்க வேண்டியிருக்கும் ரோடுகள் நமக்கு எத்தனை! தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம் இருக்கும். எம்2-வின் பின் டயர் 285/30, 20 அங்குலம். ரப்பர் சுவர் அவ்வளவு மெல்லிசு. அந்த விளிம்பில் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது. இரண்டு வண்டியிலும் ஸ்டெப்னி கிடையாது. ராத்திரி வலங்கைமான் தாண்டி நின்றுவிட்டால் தஞ்சாவூரிலிருந்து வண்டியையே ஏற்றிப் போகும் லாரி வந்துதான் ஆக வேண்டும். கேமனுக்கும் 20 அங்குலம்தான், ஆனால் பின் டயர் 265/35, ரப்பர் சுவர் கொஞ்சம் உயரம். நாலு விரல் அகலம் குறைவான வண்டி, பல இடங்களில் தாரை விட்டு இறங்காமலே தப்பித்துவிடும்.

ஸ்பீடு பிரேக்கரிலும் கேமன்தான் பரவாயில்லை. ஜிடிஎஸ் தாழ்ந்த வண்டி, ஆனால் முன் பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் 2,475 மில்லிமீட்டர்தான், எம்2-வுக்கு 2,747. மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவது சக்கர இடைவெளி நீளமான வண்டிக்குத்தான் அதிகம். மூக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், குறுக்காக ஏறிப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி அறுவடை. கேமன் வாங்கினால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. அதன் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் தாழ்வாக இருக்கின்றன, காற்று உள்ளே போகும் வாய் திறந்தே இருக்கும். தை, மாசியில் சம்பா அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும், கொள்முதல் நிலைய வாசலில் பதரும் தூசியும் மேகமாகப் பறக்கும். அதில் ஒரு வாரம் ஓட்டினால், குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பதர் அடைத்துப் பஞ்சு மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் அது அப்படியே மக்கி அலுமினியத்தை அரிக்கும். கேமன் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறான். நெல் மேல் எந்த வண்டியையும் ஏற்றக் கூடாது, அது ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பு. வைக்கோல் கிடந்தால் அதன் மேல் நிறுத்தவும் கூடாது. இவ்வளவு தாழ்ந்த வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் சூடான கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் வைக்கோலுக்கும் இடைவெளியே இருக்காது, தீப்பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு இன்னோவாதான், இரண்டு வண்டிக்கும் இதே கதை.

பொருள் வைக்கும் இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேமனில் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. இரண்டு பேர் இரண்டு நாள் போய் வரத் தாராளம். பின் டிக்கி எஞ்சினை ஒட்டி இருப்பதால் சூடாகும். கோயிலுக்கு வாங்கிய மல்லிகைச் சரம், வெற்றிலைக் கவுளி எதுவாக இருந்தாலும் முன் டிக்கியில் வையுங்கள். பின்னால் வைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் வதங்கிவிடும்.

பணத்துக்கு வருவோம். உங்கள் எம்340ஐ சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலையில் பூட்டிய வண்டி, அதனால் வரி குறைவு. எம்2 மெக்சிகோவில் முழு வண்டியாகச் செய்து இறக்குமதியாகிறது. 2024 நவம்பரில் இந்த 480 குதிரைத்திறன் மாடல் வந்தபோது ஷோரூம் விலை 1.03 கோடி. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் வரி மட்டும் 20 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய கேமன் கிடைத்தால் இந்த வரியை முதல் ஓனர் கட்டியிருப்பார், உங்களுக்குப் பெயர் மாற்றம் மட்டும்தான். வெளி மாநில வண்டி என்றால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, வண்டியின் வயதுக்கு ஏற்ப இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். பேரம் பேசும்போது அதைக் கழித்தே பேசுங்கள்.

காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே பதிவு செய்தால் என்ன என்று யாராவது சொல்வார்கள். அங்கே உண்மையான முகவரி இல்லாமல் செய்யாதீர்கள். வேறு இடத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். இவ்வளவு அழகான வண்டியைச் செக்போஸ்ட் பார்த்துப் பார்த்து ஓட்டுவது கொடுமை.

718 கேமன் தயாரிப்பு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. அதனால் கேமன் என்றால் கைமாறும் வண்டியைத்தான் தேட வேண்டும். நல்லது வர மாதக்கணக்கில் ஆகலாம், காத்திருங்கள். மேனுவல் வண்டி என்றால் சென்னை போர்ஷே சென்டரில் கம்ப்யூட்டரில் மாட்டி ஓவர்-ரெவ் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். கியரைத் தவறாகக் குறைத்து எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றியிருந்தால் எத்தனை முறை, எந்த ரேஞ்சில், எப்போது என்று அதில் பதிவாகியிருக்கும். மேல் ரேஞ்சுகளில் எண் இருந்தால் நடையைக் கட்டுங்கள். டயரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். குறைவாக ஓடிய வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகியிருக்கும். அப்புறம், நான் சொன்ன அந்த முன் ரேடியேட்டர்கள்.

ஒருவேளை மனம் மாறிப் பழைய எம்2 பக்கம் போனால் 2,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் நடந்ததா என்று பதிவைக் கேளுங்கள். எம் வண்டிகளுக்கு அதில் எஞ்சின் ஆயிலோடு, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலும் மாற்றுவார்கள். அதைத் தவிர்த்த வண்டியை நான் தொட மாட்டேன்.

பெட்ரோல், சர்வீஸ் இரண்டுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் இரண்டு வண்டியும் சென்னைக்குத்தான் சர்வீஸ் போகின்றன, போகும்போது எக்ஸ்பி100 (100 ஆக்டேன் பெட்ரோல்) நிரப்பிக்கொண்டு திரும்புகிறோம்.

முடிவெடுக்கும் முன் உங்கள் வீட்டில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மகளையும் சேர்த்து மூன்று பேரும் இந்த வண்டியில்தான் போக ஆசைப்படுகிறீர்களா? ஆம் என்றால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எம்2 எடுங்கள், அதுவும் மேனுவலாக. கேமனில் இரண்டு சீட்தான், மூன்றாவது ஆளுக்கு வழியே இல்லை. இன்னோவாவில் போனால் போதும் என்று அவர்கள் சொன்னால் கேமனைத் தேட ஆரம்பியுங்கள்.

எம்340ஐ-யை எக்ஸ்சேஞ்சில் விட அவசரப்படாதீர்கள். நேரடியாக வாங்க ஆள் இருக்கிறது, விலையும் கூடுதலாக வரும். எந்த வழியில் விற்றாலும் உங்கள் இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதில்லை. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அது 50 சதவீதம் வரை வரும், கேமன் விலையுள்ள வண்டிக்கு அந்தத் தள்ளுபடி பெரிய தொகை. விற்ற கையோடு கம்பெனியில் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குச் செல்லும், கேமன் தேட அந்த அவகாசம் போதும்.