சால்வென்சி 1.6 இருந்தால் போதுமா?

கேள்வி: அப்பா, அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறேன். ஏஜென்ட் சொல்லும் நிறுவனத்தின் சால்வென்சி ரேஷியோ (க்ளெய்ம்களுக்குப் பணம் தரும் நிதி வலிமையைக் காட்டும் எண்) 1.6. “காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கேட்பதே 1.5தான், பயப்படாதீங்க” என்கிறார். இதை நம்பிப் பணம் கட்டலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். சொத்திலிருந்து பொறுப்புகள் எல்லாம் போக மிஞ்சுவதை, நிறுவனம் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய தொகையால் வகுத்தால் வருவதுதான் அந்த 1.6. பொதுக் காப்பீட்டில் அந்தக் கட்டாயத் தொகை, தோராயமாக, பிரீமியத்தில் 20 சதவீதம் அல்லது க்ளெய்மில் 30 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. ஆகவே பிரீமியம் மளமளவென்று ஏறும் நிறுவனத்தில், நஷ்டமே வராவிட்டாலும், உரிமையாளர்கள் புது மூலதனம் போடாமல் விட்டால் ரேஷியோ இறங்கிவிடும்.

எவ்வளவு வேகமாக இறங்கும் தெரியுமா? 2018-ல் தொழில் தொடங்கிய ரிலையன்ஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸின் சால்வென்சி 2019 ஜூன் முடிவில் 106 சதவீதம், ஆகஸ்ட் முடிவில் 63. (150 சதவீதம் என்பதும் 1.5 என்பதும் ஒன்றேதான்.) நவம்பரில் ஐஆர்டிஏஐ புது பாலிசி விற்பதை நிறுத்தச் சொல்லி, இருந்த பாலிசிகளை அதே குழுமத்தின் ரிலையன்ஸ் ஜெனரலுக்கு மாற்ற உத்தரவிட்டது. பாலிசிதாரர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை, சரி, ஆனால் தாங்கள் தேர்ந்தெடுக்காத நிறுவனத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அதனால் இன்றைய எண்ணைவிட அது போகும் திசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் ‘பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்’ பகுதியில் காலாண்டுவாரியாக இருக்கும், எட்டு காலாண்டுகளை எடுத்துப் பாருங்கள்: 1.6 என்பது 2-லிருந்து சரிந்து வந்ததா, 1.5-லிருந்து ஏறி வந்ததா? அங்கேயே கம்பைன்ட் ரேஷியோவும் கிடைக்கும். க்ளெய்ம், கமிஷன், நிர்வாகச் செலவு மூன்றும் சேர்ந்து பிரீமியத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் அது; 100-ஐத் தாண்டினால் பிரீமியம் போதவில்லை, முதலீட்டு வருமானத்தில் ஈடுகட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதுவும் போதாமல் வருடக்கணக்கில் நஷ்டம் தொடர்ந்தால் மூலதனம்தான் கரையும்.

அப்புறம், சால்வென்சி நன்றாக இருந்தால் பணம் தர முடியும் என்று மட்டும்தான் தெரியும், உங்கள் அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லைத் தகராறில்லாமல் தருவார்களா என்பது அதில் தெரியாது. அதற்கு, பாலிசிதாரர்களின் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் அமைப்பின் ஆண்டறிக்கையில் அந்த நிறுவனத்தின் மேல் எத்தனை புகார் என்று பார்த்துவிட்டு ஏஜென்டிடம் பேசுங்கள்.